ஈரமா, ஊசியா, நூனோவா: ஃபெல்ட் கலையை எதிலிருந்து தொடங்குவது?

அரைக் கிலோ மெரினோ கம்பளி வாங்கி வைத்திருக்கிறேன், வீட்டில் ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் இருக்கிறது, வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்க முடியும், எதிலிருந்து தொடங்கட்டும் என்று போன மாதம் ஒரு தங்கை கேட்டாள். துணி வடிவமைப்பு படித்தவள். தறி தெரியும், சாயம் தெரியும், ஃபெல்ட் மட்டும் புதிது. "எல்லாரும் ஊசியிலதானே தொடங்குறாங்க அக்கா, நானும் அதையே எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம், தண்ணீரில் தொடங்கு என்றேன். ஆனால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. சோப்புத் தண்ணீரில் பிடிக்கவைக்கும் ஈர முறை, ஊசியால் குத்தும் ஊசி முறை, மெல்லிய துணியோடு கம்பளியைச் சேர்க்கும் நூனோ என்ற மூன்றும் ஒரே கம்பளியை வைத்துச் செய்கிற மூன்று வேறு வேலைகள். ஒன்று பிடித்தவருக்கு மற்றதும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வீடு, உடம்பு, பொறுமை, என்ன செய்ய ஆசைப்படுகிறோம் என்பதையெல்லாம் பொறுத்து பதில் மாறும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஃபெல்ட் எது என்பதில் தெளிவாக இருப்போம். ஸ்டேஷனரி கடையில் கலர் கலராக விற்கிற ஃபெல்ட் ஷீட்டில் பெரும்பாலும் கம்பளியே இருக்காது, அது பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக், மெஷினில் ஊசிகளால் குத்திக் குத்தித் தகடாக்கியது. நான் பேசுவது ஆட்டுக் கம்பளியைக் கையால் துணியாக்குவதைப் பற்றி. தறி கிடையாது, நூல் கிடையாது, முடிச்சு கிடையாது. தலைமுடியை எண்ணெய் வைக்காமல் சீவாமல் நாலு நாள் விட்டால் சிக்கு விழும், மாதக்கணக்கில் விட்டால் சடை பிடித்துவிடும், அதற்குப் பிறகு சீப்பு நுழையாது. அந்தச் சடையை நாமே வேண்டுமென்று, நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய கனத்தில் பிடிக்கவைத்தால் அதுதான் ஃபெல்ட்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒவ்வொரு கம்பளி இழையின் மேலும் செதில்கள் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்தே நிற்கும். மட்டை வெட்டாத பனையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலாகக் கையை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், மேலிருந்து கீழே இழுத்தால் மட்டை அடிகள் குத்தி நிறுத்தும். கம்பளி இழையும் அப்படித்தான், ஒரு திசையில் நகரும், திரும்பி வராது. வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் இழையை ஊறவைத்து வழுக்க வைக்கின்றன, நம் கை அதை அசைக்கிறது, அசைகிற ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இழையும் பக்கத்து இழைகளுக்குள் இன்னும் கொஞ்சம் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. துணி சுருங்குவதும் இதனால்தான். ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் சுடுநீரில் போட்டுக் குழந்தை அளவுக்கு எடுத்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மெஷினில் துவைக்கலாம் என்று 'சூப்பர்வாஷ்' போட்டு விற்கிற கம்பளியில் அந்தச் செதில்களை மழுக்கி மேலே பிசின் பூசியிருப்பார்கள். துவைத்தால் சுருங்காது என்பதே அதன் பெருமை, நமக்கு அது எதற்கும் ஆகாது. லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊர் ஆட்டு ரோமத்தில் செய்யக்கூடாதா என்று அடுத்த கேள்வி வரும், எனக்கும் வந்தது. மேச்சேரி, வெம்பூர், ராமநாதபுரம் வெள்ளை என்று நாம் சமவெளியில் பார்க்கிற செம்மறிகளுக்கு இருப்பது கம்பளி இல்லை, குட்டையான முடி. அது ஃபெல்டாகப் பிடிக்காது. கோயம்புத்தூர் குறும்பை ஆட்டுக்குக் கம்பளி உண்டு, ஆனால் முரடு. நீலகிரி ஆடு மட்டும் வேறு ரகம். 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவானது, மென்மையான கம்பளி தரும். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் இருக்கும் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைப் பாதுகாத்து வருகிறார்கள். கிடைத்தால் தொட்டுப் பாருங்கள். பழகுவதற்கு மெரினோவே போதும், இருபது மைக்ரான் அளவுக்கு மெல்லிசான இழை, சீக்கிரம் பிடிக்கும், தப்பை மன்னிக்கும்.

சரி, ஈர முறைக்கு வருவோம். இதுதான் மூன்றிலும் மூத்தது. சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில், உள்ளே தண்ணீர் புகுந்து பனிக்கட்டியாகி உறைந்துவிட்டதால், ஃபெல்ட் திரைகளும் சேணப் போர்வைகளும், உள்ளே திணித்துச் செய்த ஃபெல்ட் அன்னங்களும்கூட அழியாமல் கிடைத்தன. இன்று அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பெரிய திரையில் நாற்காலியில் அமர்ந்த ஒரு உருவமும் அதன் முன் குதிரைவீரனும் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வெட்டி ஒட்டித் தைத்த வேலை. இந்தத் தொழிலின் அடிப்படை அன்றிலிருந்து இன்றுவரை பெரிதாக மாறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கும்.

செய்முறை சொல்வதற்கு எளிது. கம்பளித் திரியிலிருந்து மெல்லிய இதழ்களாக இழுத்து, ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி அடுக்க வேண்டும். முதல் அடுக்கு குறுக்காக என்றால் அடுத்தது நெடுக்காக, இப்படி மூன்று நாலு அடுக்கு. மேலே ஒரு வலைத்துணி விரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைத் தெளித்து, காற்று போக அழுத்தி, பூப்போலத் தடவ வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கிள்ளிப் பார்ப்போம். விரலோடு தனி இழைகள் வந்தால் இன்னும் ஆகவில்லை, மொத்தத் துணியும் சேர்ந்து எழும்பினால் அடுத்த கட்டம். பிறகு பபிள் ராப்பிலோ கோரைப்பாயிலோ சுருட்டி உருட்டுவது, 200 முறை, திசை மாற்றி இன்னொரு 200 முறை. உருட்டுகிற திசையில்தான் அதிகம் சுருங்கும், அதனால் திசை மாற்றாவிட்டால் சதுரம் நீள்சதுரமாகிவிடும். கடைசியில் சுடுநீரில் நனைத்துப் பிசைந்து மேசையில் எறிந்து எறிந்து இறுக்குவது. கிர்கிஸ்தானில் இதே வேலையை நாணல் பாயில் சுருட்டிக் கட்டி, குதிரையால் இழுக்கவைத்தும் பெண்கள் பல பேர் சேர்ந்து முழங்கையால் உருட்டியும் செய்வார்கள். பாய் அங்கேயும் பாய்தான்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் சுருக்கம். நான் தண்ணீரில் தொடங்கச் சொல்வதே இதற்காகத்தான். துணி 30 முதல் 50 சதவீதம் வரை சுருங்கும், எவ்வளவு என்பது கம்பளி, அடுக்கின் கனம், உங்கள் கை மூன்றையும் பொறுத்தது. முதல் பையை நான் செய்தபோது 22 செ.மீ. நோட்டுப்புத்தகம் உள்ளே போக வேண்டும் என்று பிளாஸ்டிக் தாளில் 24 செ.மீ.க்கு அச்சு வெட்டினேன், கொஞ்சம் சுருங்கும் என்று தெரியும், இவ்வளவு சுருங்கும் என்று தெரியாது. கையில் வந்தது 15 செ.மீ. பை. நாலு மணிநேர உழைப்பு. அழுகை வந்தது உண்மை. ஆனால் அன்றிலிருந்து சோதனைச் சதுரம் செய்து அளக்காமல் நான் எதையும் தொடங்கியதில்லை. 30 செ.மீ. சதுரம் 20 ஆகிறது என்றால் பெருக்க வேண்டிய எண் ஒன்றரை, அப்போது 24 செ.மீ. பை வேண்டுமென்றால் 36 செ.மீ. அச்சு. கணக்கு இவ்வளவுதான். இதே சுருக்கத்தை அடக்கி ஆள முடிந்தால் அது சிற்பமாகிவிடும். ஓரிடத்தில் அடுக்கைக் கனமாக்கி இன்னோரிடத்தில் மெல்லிசாக்கினால் துணி தானே வளைந்து குழிந்து எழும்பும். பிளாஸ்டிக் தாளை அச்சாக உள்ளே வைத்து இருபுறமும் கம்பளி சுற்றி உருட்டிப் பிறகு வெட்டித் திறந்தால், ஒரு தையல்கூட இல்லாத பை, தொப்பி, கிண்ணம், செருப்பு. தைத்துப் பழகிய கைக்கு இது முதலில் நம்பவே முடியாத விஷயமாக இருக்கும்.

குறையும் சொல்கிறேன். ஈர முறையில் கோடு நிற்காது. கூர்மையாக வைத்த ஓரம் உருட்டி முடித்ததும் இளகி நகர்ந்திருக்கும். கிர்கிஸ் மக்களிடம் இரண்டு வகைக் கம்பளம் இருப்பதைப் பார்த்தால் இது விளங்கும். அலா-கியிஸில் வண்ணக் கம்பளியை ஈரத்திலேயே அடுக்கி உருட்டுவார்கள், வடிவங்கள் நீரில் கரைந்த மாதிரி மங்கலாக இருக்கும். ஷிர்தாக்கில் முதலில் தனித்தனி நிறத்தில் ஃபெல்ட் செய்து, பிறகு வெட்டி ஒன்றில் ஒன்றைப் பொருத்தித் தைப்பார்கள், ஓரம் கத்திபோல நிற்கும். இரண்டையும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கோடுதான் உயிர் என்று நினைக்கிறவர்கள் ஈர முறையில் மட்டும் நின்றால் தவித்துப்போவார்கள்.

இன்னொன்று தண்ணீர். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து கம்பளியில் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு அலசினாலும் போகாது. பிடிக்கவைக்கிற கட்டத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும் என்பதால் அதற்கு மட்டும் மழைநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு கைக்கு நல்லது. கடைசி அலசலில் இரண்டு மூடி வினிகர் விட்டால் சோப்பின் காரம் முறியும். ஐப்பசி கார்த்திகையில் கனமான வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று நாளானாலும் நடுவில் ஈரம் இருக்கும், வாடை பிடித்துவிடும். சித்திரை வெயிலில் ஒரு மதியத்தில் காய்ந்துவிடும்.

அடுத்து ஊசி. இதற்கு இருக்கிற கவர்ச்சி முழுக்க நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. தண்ணீர் வேண்டாம், மேசை வேண்டாம், மடியில் ஒரு ஸ்பாஞ்ச் கட்டி வைத்து உட்கார்ந்தால் போதும், பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம், இரண்டு நாள் கழித்து வந்து தொடரலாம். ஊசியின் தண்டில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும், குத்தும்போது அவை மேலிருக்கிற இழைகளைப் பிடித்து உள்ளே இழுத்துச் செல்லும், வெளியே வரும்போது விட்டுவிட்டு வரும். சோப்பும் சூடும் செய்கிற வேலையை ஊசி ஒவ்வோர் இழையாகச் செய்கிறது, அவ்வளவுதான். தொழிற்சாலை மெஷினில் தட்டுத்தட்டாக ஓடிக்கொண்டிருந்த இந்த ஊசியைத் தனியாகக் கழற்றிக் கையில் பிடித்துக் கலைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் ஸ்டான்வுட் தம்பதியர், 1980களில். ஈர முறையோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை.

ஊசிக்கு எண் உண்டு, எண் கூடக் கூட ஊசி மெலியும். 36 உருவம் திரட்ட, 38 எல்லா வேலைக்கும், 40 முகம் கண் மாதிரி நுணுக்கத்துக்கு. மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கினால் ஆரம்பத்துக்குப் போதும். எந்தக் கோணத்தில் நுழைத்தோமோ அதே கோணத்தில் வெளியே எடுக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்துவிடும், ஒடிந்த நுனி உள்ளே தங்கினால் அந்தப் பொருளைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இது உகந்த கலை இல்லை. வகுப்பில் சொல்லித்தர யோசிக்கிற ஆசிரியர்கள் தயவுசெய்து ஈர முறையை எடுங்கள், சோப்பு நுரையில் கையை விட்டு அளைவதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்.

ஊசியின் பலம் கட்டுப்பாடு. வைத்த கோடு வைத்த இடத்தில் நிற்கும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வேண்டுமென்றால் நாலே இழையில் வைக்கலாம், பிடிக்காவிட்டால் பிய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். வண்ணக் கம்பளிகளை விரலால் கலந்து நிழலும் ஒளியும் தீட்டுவதில் எண்ணெய் ஓவியத்துக்குக் கிட்டே போகலாம். பலவீனம், நேரமும் மேற்பரப்பும். உள்ளங்கை அளவுக் குருவி ஒன்றுக்கு ஆறேழு மணிநேரம் போகும். அவ்வளவு செய்தும் ஊசியால் மட்டும் பிடித்த பரப்பு தேய்மானம் தாங்காது, பஞ்சுபஞ்சாகக் கிளம்பும், அதனால் பைக்கோ உடைக்கோ அது தனியாக உதவாது. மணிக்கட்டும் தோளும் வலிக்கும். ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் செய்கிறோம், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் கை மரத்துப்போகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

எனக்கு ஊசியோடு இருக்கிற உண்மையான மனத்தாங்கல் வேறு. முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கிட். நரி, பூனை, பென்குயின், அளவு எடுத்த கம்பளி, வரிசையாகப் படம். செய்து முடித்தால் பென்குயின் வரும், அழகாகவே வரும். ஆனால் கம்பளி எப்படி நடந்துகொள்கிறது என்று எதுவும் தெரிந்திருக்காது, ஏனென்றால் ஊசி முறையில் கம்பளி நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, எதிர்த்துப் பேசுவதில்லை. தண்ணீரில் அது எதிர்த்துப் பேசும். துணி தெரிந்த, சாயம் தெரிந்த ஒரு பெண் அந்தப் பேச்சைக் கேட்காமல் பொம்மையோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. தண்ணீரில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊசியை எடுத்தால் அதே ஊசி வேறு கருவியாகிவிடுகிறது. ஈரத்தில் பிடித்த தளத்தின் மேல் கூர்மையான கோடு போட, மெலிந்த இடத்துக்குக் கனம் சேர்க்க, பூச்சி அரித்த ஸ்வெட்டர் ஓட்டையை அடைக்க என்று தினமும் கைக்கு வரும்.

மூன்றாவது நூனோ. ஜப்பானிய மொழியில் நூனோ என்றால் துணி. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பாலி ஸ்டெர்லிங் என்ற கலைஞர், சச்சிகோ கோட்டகாவோடு சேர்ந்து உருவாக்கியது. வெயில் ஊரில் கம்பளியைப் போட்டுக்கொள்ள முடியவில்லையே என்ற கேள்விக்கான விடை என்று இதைச் சொல்லலாம், அதனால்தான் நமக்கு இது நெருக்கம். மெல்லிய, இடைவெளி உள்ள துணியின் மேல் கம்பளியை மிக லேசாகப் பரப்பி ஈர முறையிலேயே பிடிக்கவைப்பது. கம்பளி இழைகள் துணியின் கண்கள் வழியாக மறுபுறம் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு இறுக்கும்போது கம்பளி சுருங்கும், துணி சுருங்காது, எனவே கம்பளி இல்லாத இடங்களில் துணி கொசுவம் கொசுவமாகப் புடைத்து எழும்பும். அந்தப் புடைப்பை வேறு எந்த வழியிலும் கொண்டுவர முடியாது. இரண்டு மீட்டர் ஸ்கார்ஃபுக்கு ஐம்பது கிராம் கம்பளிகூட ஆகாது, கழுத்தில் போட்டால் கனமே தெரியாது.

பழைய பட்டுப்புடவையை எடுத்து இதில் போடலாம் என்று யாருக்கும் தோன்றும். என் அம்மாவின் காஞ்சிபுரம் பட்டில் கிழிந்த ஒரு துண்டை வைத்து நானும் முயன்றேன். ஒரு முழுநாள் உருட்டினேன், கடைசியில் கம்பளி தனியாக, பட்டு தனியாக, வெயிலில் உரிந்த தோல்மாதிரி வந்துவிட்டது. அவ்வளவு நெருக்கமாக நெய்த துணியில் இழை நுழைய வழியே இல்லை. ஒரு சோதனை இருக்கிறது, துணியை வாயில் ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தடையில்லாமல் அந்தப் பக்கம் போனால் அந்தத் துணி ஆகும். பட்டு ஷிஃபான், ஜார்ஜெட், நைந்துபோன மல் வேட்டி, இவையெல்லாம் நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டர் ஷிஃபானும் பிடிக்கும், நேரம் கூட ஆகும். பழகுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கிற காஸ் துணியைவிட மலிவான, நல்ல துணி வேறில்லை. ஒரு கண்டிப்பு மட்டும்: தொடக்கத்தில் சுடுநீர் கூடாது. இழைகள் துணிக்குள் நுழைந்து மறுபுறம் மெல்லிய முடியாகத் தெரியும்வரை ஆறிய தண்ணீரும் மென்மையான கையும்தான். அவசரப்பட்டுச் சூடு ஏற்றினால் கம்பளி தனக்குள்ளேயே பிடித்துக்கொண்டு துணியை விட்டுவிடும்.

நூனோவை முதலாவதாக எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். எப்போது பிடித்தது, எப்போது சூடு ஏற்றலாம் என்பது விரலுக்குத் தெரிய வேண்டும், அந்த விரல் வெறும் ஈர முறையில் நாலைந்து துண்டு செய்தால்தான் வரும். நூனோவில் துணி பாழானால் கம்பளியும் சேர்ந்து பாழ்.

செலவைப் பற்றி. ஊசியில் நுழைவுக்கு மிகக் குறைவாக ஆகும், ஒரு கைப்பிடி கம்பளி, ஆறு ஊசி, ஒரு ஸ்பாஞ்ச். ஈர முறைக்குக் கருவி என்று எதுவும் வாங்க வேண்டாம், பபிள் ராப்பும் வலையும் பழைய துண்டும் வீட்டில் இருப்பவைதான், ஆனால் கம்பளி தின்னும். நூனோவில் கம்பளி மிச்சம், நல்ல பட்டுத் துணியில் காசு போகும். இடம் என்று பார்த்தால் ஊசிக்கு மடி, ஈர முறைக்குக் குறைந்தது ஒரு மீட்டர் மேசையும் தரை நனைந்தால் கோபப்படாத வீடும், நூனோ ஸ்கார்ஃபுக்கு அதைப்போல இரண்டு பங்கு நீளம். முதுகு வலி இருப்பவர்கள் மேசையைக் கால் உயர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். குனிந்து உருட்டினால் அன்று இரவே தெரியும்.

கலை என்ற அளவில் பார்த்தால் தராசு தண்ணீர்ப் பக்கம் இன்னும் சாய்கிறது. ஜெர்மன் கலைஞர் யோசஃப் பொய்ஸின் 1970ஆம் ஆண்டு ஃபெல்ட் சூட், அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மோரிஸ் 1967 முதல் வெட்டித் தொங்கவிட்ட கனத்த ஃபெல்ட் துண்டுகள் எல்லாம் அருங்காட்சியகத்துக்குள் இந்தப் பொருளைக் கொண்டுபோனவை, ஆனால் அவர்கள் எடுத்தது ஆலையில் செய்த ஃபெல்ட். கையால் செய்வதையே கலையாக எடுத்தவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகம் 2009இல் ஃபெல்டுக்கென்றே கண்காட்சி வைத்தபோது ஃபெல்ட் கலைஞர் ஜேனிஸ் ஆர்னால்ட் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு முழு அறையையே கையால் செய்த ஃபெல்டால் கூடாரமாக்கினார். நெதர்லாந்தில் கிளாவ்டி யோங்ஸ்ட்ரா தன் சொந்த மந்தையின் கம்பளியை எடுத்து, தானே வளர்த்த செடிகளில் சாயமேற்றி, சுவர் முழுக்க நிறைகிற படைப்புகள் செய்கிறார். கியூபெக்கில் வாழும் மார்யோலைன் டாலிங்கா செய்கிற உருவங்களைப் பார்த்தால் பூவா, கடல் உயிரா, உடம்பின் உள்ளுறுப்பா என்று சொல்ல முடியாது, அச்சையும் சுருக்கத்தையும் அடுக்கடுக்காகக் கையாளத் தெரிந்தவரால்தான் அது முடியும். இந்த மூவரின் அளவுக்கும் துணிவுக்கும் அடியில் இருப்பது தண்ணீர்தான். ஊசியில் அசாத்தியமான உருவச் சிற்பிகள் இருக்கிறார்கள், அவர்கள் கையை வணங்குகிறேன், ஆனால் ஒரு சுவரை ஊசியால் நிரப்ப ஆயுள் போதாது.

எதைச் செய்தாலும் பூச்சியை மறக்காதீர்கள். லண்டன் டேட் அருங்காட்சியகம் வைத்திருந்த பொய்ஸின் ஃபெல்ட் சூட் பிரதியையே அந்துப்பூச்சி அரித்துப் பாழாக்கியது, நம் அலமாரி எம்மாத்திரம். சோப்பு முழுக்கப் போக அலசி, முழுக்கக் காயவைத்து, இறுக்கி மூடும் பையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் பையோடு ஃபிரீஸரில் இரண்டு வாரம்.

அப்புறம், என் பதிலை எல்லோருக்கும் போட்டுவிட வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீடு, அரைமணி அரைமணியாகத்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஈர முறை வேதனைதான், நடுவில் விட்டுப் போனால் ஆறிப்போய்விடும். அவர்கள் குழந்தை தூங்கும்போது ஊசியை எடுக்கட்டும், எழும்போது ஊசிப்பெட்டியை மேல் தட்டில் வைக்கட்டும். வாடகை வீட்டில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து இருப்பவர்களும் அப்படித்தான். முகம், பறவை, விலங்கு என்று உருவம் மட்டுமே மனதில் இருக்கிறவர் நேராக ஊசிக்குப் போவதில் தப்பே இல்லை. உடை வடிவமைக்கிறவர், இங்கே விற்க நினைக்கிறவர் நூனோவை இலக்காக வைத்துக்கொண்டு ஈர முறையில் ஒரு மாதம் பழகட்டும், கனமான ஃபெல்ட் ஜாக்கெட்டை மதுரையில் யார் வாங்கப்போகிறார்கள். தங்கைக்கு மேசை இருக்கிறது, மதியம் இருக்கிறது, சாயமும் தெரியும். அவளுக்குத் தண்ணீர்தான்.

முதல் நாள் எதையும் 'செய்ய' வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். 30 செ.மீ. சதுரம் நாலு. ஒன்று இரண்டு அடுக்கில், ஒன்று நாலு அடுக்கில், ஒன்று காஸ் துணியின் மேல் ஒரே அடுக்கில், இன்னொன்று நாலு அடுக்கு வைத்து ஒரே திசையில் மட்டும் உருட்டி. காய்ந்ததும் நீளம் அகலம் அளந்து, கம்பளியின் எடையும் தேதியும் ஒரு துணிச்சீட்டில் எழுதி ஒவ்வொன்றின் மூலையிலும் தைத்துவிட வேண்டும். போன ஞாயிறு முதல் இரண்டின் படத்தை அனுப்பினாள். நாலு அடுக்குச் சதுரம் ஒரு பக்கம் 19, மறுபக்கம் 21. திசை மாற்றும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டாளாம்.